செல்லப்பிராணி: விளையாட்டுப் பொருளா, அமானிதமா?

"அம்மா, எனக்கு ஒரு பூனைக்குட்டி வேண்டும்." பிள்ளைகள் இப்படிக் கேட்காத வீடு அரிது. கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்துத் தாமான் வீடுகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் இதே கோரிக்கைதான். சில பெற்றோர் உடனே தலையாட்டி விடுகிறார்கள். சிலர் முடியாது என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறார்கள். ஆனால் இரு தரப்பினருமே ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. அந்தப் பூனைக்குட்டிக்கு இந்தப் பிள்ளை என்ன கொடுக்கப் போகிறது?

பிராணியால் பிள்ளைக்கு என்ன பயன் என்று கேட்பது ஒரு வகை. பிராணிக்குப் பிள்ளை என்ன கடமைப்பட்டிருக்கிறது என்று கேட்பது இன்னொரு வகை. இஸ்லாமிய மரபு தொடக்கத்திலிருந்தே இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் அழுத்தம் கொடுத்து வந்திருக்கிறது. வட சிலாங்கூர்த் தோட்டங்களில் மாடும் ஆடும் கோழியும் வளர்த்த நம் மூத்த தலைமுறையினரும், எந்த நூலையும் புரட்டாமலேயே, அதே பாடத்தைப் படித்தவர்கள்தாம். இரண்டு வழிகளில் வந்த இந்தப் பாடத்தின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது, இன்று பிள்ளை வளர்ப்பவர்களுக்குப் பெரிதும் உதவும்.

மதினாவில் ஒரு குருவி

ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்னர் மதினா நகரில் உம்மு சுலைம் என்ற அம்மையாரின் வீட்டில் ஒரு சிறுவன் இருந்தான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களின் தாய்வழித் தம்பி அவன். அந்தச் சிறுவன் ஒரு சின்னஞ்சிறு குருவியை வளர்த்து வந்தான். அந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் நபிகளார் அவனோடு பேசி மகிழ்வது வழக்கம். ஒருநாள் குருவி இறந்துவிட்டது. சிறுவன் வாடிப்போய் உட்கார்ந்திருந்தான். நபிகளார் அவனருகே சென்று, பெரியவர்களை மரியாதையாக அழைப்பதுபோல 'அபூ உமைர்' என்று விளித்து, குருவிக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

பார்வைக்கு இது சாதாரண நிகழ்ச்சி. ஒரு சமுதாயத்தை வழிநடத்தும் தலைவர் குருவி செத்துப்போனதை விசாரிப்பதில் என்ன இருக்கிறது என்று அந்தக் காலத்திலேயே சிலர் கேட்டார்கள். ஹதீஸ் அறிஞர்கள் பயனற்ற செய்திகளையெல்லாம் தொகுக்கிறார்கள் என்பதற்கு இந்தக் குருவியையே உதாரணமாகக் காட்டினார்கள். அதற்குப் பதிலாகத்தான் 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஷாஃபிஈ சட்ட அறிஞர் இப்னுல் காஸ் தனி ஏடு ஒன்றையே எழுதினார். இந்த ஒரே நிகழ்ச்சியிலிருந்து 60 படிப்பினைகளை அவர் எடுத்துக் காட்டினார். மலேசிய முஸ்லிம்களும் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் தமிழ் முஸ்லிம்களும் பின்பற்றி வருவது இதே ஷாஃபிஈ சட்டமுறையைத்தான்.

அறிஞர்கள் இந்நிகழ்ச்சியிலிருந்து பெற்ற படிப்பினைகளில் மூன்று பெற்றோருக்கு மிக நெருக்கமானவை. ஒன்று, சிறுபிள்ளை பறவை வளர்ப்பது ஆகும். ஆனால் அதற்குத் தீனி கிடைக்க வேண்டும், அதை வதைக்கக் கூடாது. இரண்டு, பிள்ளையையும் ஒரு பெரிய மனிதரைப் போல மதித்துப் பேசலாம். மூன்று, செல்லப்பிராணி இறந்தால் பிள்ளைக்கு வரும் துக்கம் உண்மையான துக்கம். "ஒரு குருவிதானே, விடு" என்று நபிகளார் சொல்லவில்லை. உட்கார்ந்து விசாரித்தார்கள்.

சிறுவர்கள் கண்ட பாடங்கள்

நபிமொழிகளில் விலங்குகள் பற்றி வரும் பல செய்திகளுக்கு இளையவர்களே சாட்சி என்பது பலரும் கவனிக்காத ஒன்று. அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் சிறுவராக இருந்தபோது நபிகளார் அவரைத் தம் வாகனத்தில் பின்னால் அமர்த்தி அழைத்துச் சென்றார்கள். வழியில் ஒரு தோட்டத்தில் நின்ற ஒட்டகம் நபிகளாரைக் கண்டதும் கண்ணீர் வடித்தது. நபிகளார் அதைத் தடவிக் கொடுத்து, உரிமையாளரை அழைத்து, அதைப் பட்டினி போட்டுக் களைப்படையச் செய்வதாக அது முறையிடுகிறது என்று கண்டித்தார்கள். அபூதாவூத் தொகுப்பில் உள்ள இச்செய்தியைப் பிற்காலத்தவருக்குச் சொன்னவர், உடன் சென்ற அந்தச் சிறுவர்தான்.

இன்னொரு முறை தோழர்கள் சிலர் ஒரு கூட்டிலிருந்து இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை சிறகடித்துச் சுற்றிச் சுற்றி வந்தது. குஞ்சுகளைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி நபிகளார் கட்டளையிட்டார்கள். பின்னாளில் குறைஷிக் குலத்து வாலிபர்கள் சிலர் ஒரு பறவையைக் கட்டிவைத்து அம்பெய்து விளையாடினார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் வருவதைக் கண்டதும் ஓடிவிட்டார்கள். உயிருள்ளதை இலக்காக வைப்பவரை நபிகளார் சபித்திருப்பதை அவர் அவர்களுக்கு நினைவூட்டினார். ஆடு மேய்க்கும் காலத்தில் ஒரு பூனைக்குட்டியைப் பகலெல்லாம் கூடவே வைத்துக்கொண்டு, இரவில் மரத்தில் பத்திரமாக விட்டுவந்த ஒருவருக்கு அந்தப் பூனையே பெயராகிவிட்டது. அவர்தான் மிக அதிகமான நபிமொழிகளை அறிவித்த அபூஹுரைரா (ரலி).

எல்லாவற்றிலும் கடுமையான எச்சரிக்கை பூனையைக் கட்டிப்போட்ட பெண்ணைப் பற்றியது. அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை; தானே இரை தேடிக்கொள்ள அவிழ்த்தும் விடவில்லை. அதற்காகவே அவள் தண்டனைக்கு ஆளானாள் என்பது நபிமொழி. இதற்கு நேர்மாறாக, தாகத்தால் மண்ணை நக்கிக் கொண்டிருந்த நாய்க்குத் தன் காலணியில் கிணற்று நீரை மொண்டு கொடுத்தவர் மன்னிக்கப்பட்டார். ஒரு பூனை ஒருவரைக் கீழே தள்ளுகிறது. ஒரு நாய் ஒருவரைக் கரையேற்றுகிறது. பிள்ளைகள் மனத்தில் எளிதில் தங்கும் கதைகள் இவை.

பிற்காலச் சட்ட அறிஞர்கள் இதை அன்பு என்ற அளவில் விட்டுவிடவில்லை. சட்டமாகவே வகுத்தார்கள். 1262இல் காலமான இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம், மனிதன்மீது விலங்குகளுக்கு உள்ள உரிமைகளை வரிசைப்படுத்தினார். மூப்படைந்தோ நோயுற்றோ பயன் தராமல் போனாலும் அதற்கு உணவளிக்க வேண்டும். தாங்க முடியாத சுமையை ஏற்றக் கூடாது. தீங்கு செய்யும் விலங்கோடு சேர்த்து அடைக்கக் கூடாது. குட்டியை அதன் தாயின் கண்ணெதிரே அறுக்கக் கூடாது என்பன அவற்றுள் சில. தீனி போட மறுக்கும் உரிமையாளரை அதிகாரிகள் கட்டாயப்படுத்தலாம் என்றும் ஷாஃபிஈ அறிஞர்கள் எழுதினார்கள். 'அமானிதம்' என்ற சொல்லுக்கு, பொறுப்பாக ஒப்படைக்கப்பட்ட பொருள் என்று அர்த்தம். அதைப் பாதுகாத்தால் நன்மை. பாழாக்கினால் கணக்குச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வரும் பிராணியும் அப்படித்தான்.

தமிழில் வந்த மான்

இந்தக் கருணை அரபு மொழியோடு நின்றுவிடவில்லை. 17ஆம் நூற்றாண்டில் உமறுப் புலவர் பாடிய சீறாப்புராணத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' என்றே ஒரு பகுதி இருக்கிறது. வேடன் ஒருவன் பெண்மானைக் கட்டி வைத்திருக்கிறான். பசியோடு இருக்கும் கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வர அது அனுமதி கேட்கிறது. நபிகளார் அந்த மானுக்காகத் தாமே பிணை நிற்கிறார்கள். மான் தன் கன்றோடு திரும்பி வருகிறது. வேடனின் மனம் மாறுகிறது.

மானுக்கு மனிதர் ஜாமீன் நிற்பதா என்று வியப்போர் திருவாரூர்க் கதையையும் நினைத்துப் பார்க்கலாம். மகன் ஓட்டிய தேரில் கன்று சிக்கி இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. மனுநீதிச் சோழன் நீதியைத் தன் மகனிடமிருந்தே தொடங்கினான். இரு கதைகளும் இரு சமயங்களைச் சார்ந்தவை. ஆனால் இரண்டிலும் தாயும் கன்றும் இருக்கின்றன; வாயில்லா ஜீவனின் முறையீட்டைக் காதுகொடுத்துக் கேட்கும் பெரியவர் இருக்கிறார். தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல நம்மிடம் கதைகளுக்குப் பஞ்சமில்லை.

தோட்டம் என்ற பள்ளிக்கூடம்

இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த மக்கள்தாம் கடல் கடந்து மலாயாத் தோட்டங்களுக்கு வந்தார்கள். மலேசியத் தோட்டத் தொழிலின் வரலாற்றில் கோல சிலாங்கூருக்குத் தனி இடம் உண்டு. 1917இல் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோன்யே இங்குள்ள தெனமாரம் தோட்டத்தில்தான் நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கினார். அதற்கு முன்னும் பின்னும் பல்லாண்டுகள் இவ்வட்டாரத்தில் பால்மரமே கோலோச்சியது. விடியுமுன் பெரட்டு, பால் வெட்டு, லயத்து வாழ்க்கை என்று ஓடிய அந்த நாட்களில் தொழிலாளியின் கூலி குறைவு. மாடும் ஆடும் கோழியும்தான் அவருடைய சேமிப்பு.

குடும்பம் உள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் 16இல் ஒரு பங்கு என்ற கணக்கில், பயிரிடவும் மேய்ச்சலுக்கும் நிலம் ஒதுக்கச் சொன்னது ஆங்கிலேயர் காலத் தொழிலாளர் சட்டம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுச் சட்டம். இப்படிப் பிறந்தவைதாம் இவ்வட்டாரத்தின் பல தோட்டத் தமிழ்ப்பள்ளிகள். காலையில் அந்தப் பள்ளி என்றால், மாலையில் மாட்டுக் கொட்டகை இன்னொரு பள்ளி!

அந்த இரண்டாவது பள்ளியில் பாடத்திட்டம் எளிமையானது. பள்ளி விட்டு வந்த பிள்ளை முதலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். புல் அறுத்து வர வேண்டும். கன்றுக்கு எவ்வளவு பால் விட்டுவிட்டுக் கறக்க வேண்டும் என்பது அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொள்வது. மாடு வயிறு உப்பிப் படுத்தால் வீடே தூங்காது. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் தீட்டும் உரிமை, ஆண்டு முழுவதும் சாணி அள்ளிய பிள்ளைக்கே! "எனக்கு இன்று மனமில்லை" என்று சொல்லி அன்றைய வேலையிலிருந்து தப்ப முடியாது. ஏனென்றால் மாட்டுக்குப் பசி தினமும் உண்டு.

தோட்டத்து எல்லையைத் தாண்டினால் மலாய்க் கம்பம். அங்கே பூனை வீட்டுப் பிள்ளையைப் போல. இஸ்லாமியச் சட்டத்தில் பூனை தூய்மையானது. தொழுகைக்குச் சுத்தம் செய்ய வைத்திருந்த தண்ணீரைப் பூனை குடிக்க வந்தபோது அபூ கத்தாதா (ரலி) என்ற நபித்தோழர் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார் என்பது ஹதீஸ். வீட்டைச் சுற்றிச் சுற்றி வரும் பிராணி அது என்று நபிகளார் கூறியிருப்பதை அவர் எடுத்துச் சொன்னார். லயத்தில் மாடும் நாயும், கம்பத்தில் பூனையும் ஆடும் என்று விலங்கு மாறலாம். உயிருக்குக் கடமைப்படுதல் என்ற பாடம் மட்டும் மாறவில்லை.

வளர்த்த கிடாவும் பிள்ளையின் கண்ணீரும்

இந்த இரு சமூகத்துப் பிள்ளைகளுக்கும் பொதுவான வேதனை ஒன்று உண்டு. தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாவை வளர்த்தது பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி கொடுக்க வாங்கி வந்த ஆட்டுக்கு இலை தழை கொடுத்துப் பழகுவதும் பிள்ளைதான். அந்த நாள் வரும்போது பிள்ளை அழுகிறது. பெரியவர்கள் சிரிக்கிறார்கள், அல்லது அதட்டுகிறார்கள்.

இங்கேதான் மார்க்கத்தின் நெறிமுறைகள் கவனத்துக்குரியவை. கத்தியைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டும்; அதையும் ஆட்டின் கண்முன்னே செய்யக் கூடாது; ஒரு பிராணியின் முன் மற்றொன்றை அறுக்கக் கூடாது. உயிரைப் பறிக்கும் நேரத்திலும் மரியாதை வேண்டும் என்பதே இதன் கருத்து. அழும் பிள்ளைக்கு இதை விளக்கிச் சொல்லலாம். கோழை என்று கேலி செய்வதில் பயனில்லை. அபூ உமைரின் குருவியை விசாரித்த மரபில் அந்தக் கண்ணீருக்கு இடமுண்டு.

நாய் பற்றிய கேள்வி

அடுத்து, நம் நாட்டில் அண்டை வீட்டாருக்கிடையே அடிக்கடி மனக்கசப்பைத் தரும் விஷயத்துக்கு வருவோம். தோட்டத்துத் தமிழர் வீட்டில் நாய் காவல்காரன். ஷாஃபிஈ சட்டப்படி நாயின் எச்சில் கடும் அசுத்தம். பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். மலாய் மொழியில் இதைச் 'செர்த்து' என்பார்கள். மாலிக்கி சட்டமுறை உயிருள்ள நாயைத் தூய்மையானதாகவே கருதுகிறது. ஷாஃபிஈ முறையிலும் கை, நாய் இரண்டும் உலர்ந்திருந்தால் தொட்டதனால் மட்டும் அசுத்தம் ஒட்டுவதில்லை.

தூய்மை குறித்த விதி வேறு, வெறுப்பு வேறு. தேவையின்றி நாய் வளர்ப்பதை நபிமொழி தடுக்கிறது. ஆனால் வேட்டைக்கும் மந்தைக்கும் விளைநிலக் காவலுக்கும் விலக்கு அளிக்கிறது. பயிற்றுவிக்கப்பட்ட நாய் பிடித்துத் தரும் வேட்டையைத் திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் அனுமதிக்கிறது. பதினெட்டாம் அத்தியாயத்தில் குகைவாசிகளின் வாயிலில் கால் நீட்டிப் படுத்திருக்கும் நாயும் இடம்பெறுகிறது. எனவே, நாயைக் கண்டால் கல்லெடுக்கும் முஸ்லிம் சிறுவனுக்கு மார்க்கம் துணை நிற்காது. அதேபோல, தொழுகைக்குச் செல்லும் அண்டை வீட்டாரின் வாசலில் நாயை அவிழ்த்துவிடும் தமிழ்ச் சிறுவனும் நல்ல வளர்ப்பாளன் ஆகமாட்டான். தன் நாயைத் தன் வேலிக்குள் கட்டுப்படுத்தி வைப்பதும் நாய்க்குச் செய்யும் கடமையே.

2014 அக்டோபர் 19ஆம் தேதி சிலாங்கூரின் பண்டார் உத்தாமாவில் முஸ்லிம்கள் நாயைத் தொட்டுப் பழகும் நிகழ்ச்சி ஒன்று நடைபெற்றது. செர்த்து செய்யும் முறையும் அங்கே செய்து காட்டப்பட்டது. பெருங்கூட்டம் வந்தது, பாராட்டும் எழுந்தது, கடும் கண்டனமும் எழுந்தது. ஏற்பாட்டாளருக்கு மிரட்டல்கூட வந்தது. அச்சர்ச்சை ஒன்றைத் தெளிவாக்கியது. பெரியவர்கள் பேசாமல் விட்ட விஷயத்தில் பிள்ளைகள் மிச்சம் வைத்துக்கொள்வது பயம் மட்டுமே.

பயத்துக்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1952இல் கோலாலம்பூரில் வெறிநாய்க்கடி நோய் பரவியபோது நாய்களுக்குக் கட்டாயத் தடுப்பூசி போடப்பட்டது. உரிமையாளர் இல்லாத நாய்கள் கொல்லப்பட்டன. 2012இல் மலேசியா அந்நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. ஆனால் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும் 2017இல் சரவாக்கிலும் நோய் மீண்டும் தலைகாட்டியது. நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அடி விழுமோ என்று வீட்டில் மறைக்கக் கூடாது. இதை ஒவ்வொரு பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும்.

லயம் போனது, பாடமும் போனது

காலம் மாறியது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. இளஞ்செடிகளை மாடு மேய்ந்துவிடும் என்பதால் கட்டுப்பாடுகள் வந்தன. பிறகு தோட்டங்களே துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயர்கூட 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. லயத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போன குடும்பம் மாட்டைக் கொண்டுபோக முடியவில்லை. மாட்டை விற்றார்கள், நாயை யாரும் வாங்கவில்லை. வெறிச்சோடிய லயங்களில் காத்துக் கிடந்த நாய்களுக்குத் தங்கள் வீட்டார் எங்கே போனார்கள் என்று தெரியாது.

கைவிடுதல் என்பது எவ்வளவு கொடிது என்பதற்கு இதே மாநிலத்தில் நடந்த ஒரு சம்பவம் போதும். 2009இல் பூலாவ் கெத்தாம் தீவில் தெருநாய்த் தொல்லைக்குத் தீர்வாக, 300க்கும் மேற்பட்ட நாய்களைப் பிடித்து மனிதர் வாழாத சதுப்புநிலத் தீவுகளில் கொண்டுபோய் விட்டார்கள். சோறும் இல்லை, குடிநீரும் இல்லை. ஒன்றையொன்று தின்னும் நிலைக்கு அவை வந்தன. விலங்குநல அமைப்புகள் படகில் சென்று, எஞ்சியவற்றுள் சிலவற்றை மீட்டன. அந்த நாய்களை யாரும் அடித்துக் கொல்லவில்லை. விட்டுவிட்டு வந்தார்கள், அவ்வளவுதான். பூனையைக் கட்டிப்போட்ட அந்தப் பெண்ணும் அதை அடிக்கவில்லை என்பதை இங்கே நினைவுகூர வேண்டும்.

2018இல் கோம்பாக்கில் சூலுற்ற பூனை ஒன்று சலவை நிலையத்தின் துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் போடப்பட்டு மாண்டது. கேமராவில் பதிவான அக்காட்சி நாட்டையே உலுக்கியது. அச்சம்பவத்தில் 2019இல் செலாயாங் நீதிமன்றம் ஓர் ஆடவருக்கு 34 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. 2017இல் நடப்புக்கு வந்த 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தின்படி, விலங்கு வதைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். சட்டம் தண்டிக்கும், ஆனால் தண்டிக்கும் வேளையில் பூனை உயிரோடு இருப்பதில்லை. அதற்கு முந்திய வேலை வீட்டில்தான் நடக்க வேண்டும்.

பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

முதலில், பிராணியை வாங்குமுன் கணக்குப் போட வேண்டும். தினமும் உணவு, தண்ணீர், கழிவு சுத்தம் செய்தல், தடுப்பூசி, கருத்தடை, வெளியூர் போகும் நாட்களில் பார்த்துக்கொள்ள ஆள் என்று பட்டியலைப் பிள்ளையையே எழுதச் சொல்லலாம். பூனை பதினைந்து ஆண்டுகள்கூட உயிர்வாழும். இன்று ஏழு வயதில் கேட்கும் பிள்ளைக்கு அப்போது வயது 22! நாய் என்றால் ஊராட்சி மன்ற உரிமமும் வேண்டும்.

இரண்டாவதாக, வயதுக்கேற்ற வேலை. தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்புவது சிறுபிள்ளைக்கு. கூண்டைச் சுத்தம் செய்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது வளர்ந்த பிள்ளைக்கு. பிள்ளை மறந்தால் பிராணி பட்டினி கிடக்க விடக் கூடாது. பொறுப்பின் கடைசிக் கணக்கு பெற்றோருடையது. தோட்டத்தில் இருந்த அந்தப் பழைய ஒழுங்கைத் திரும்பக் கொண்டுவரலாம்: பிராணி சாப்பிட்ட பிறகு பிள்ளை சாப்பிடட்டும்.

மூன்றாவதாக, எல்லா விலங்கும் செல்லப்பிராணி அல்ல. கோல சிலாங்கூர் புக்கிட் மெலாவத்தி குன்றில் வாழும் சாம்பல்நிற லூத்தோங் குரங்குகளின் குட்டிகள் ஆரஞ்சு நிறத்தில் கண்ணைப் பறிக்கும். அவற்றைப் பார்த்து வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்காத பிள்ளை இல்லை. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தராது. கூட்டில் எடுத்த குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன நபிமொழியும் அதையேதான் சொல்கிறது.

நான்காவதாக, வளர்க்க முடியாமல் போனால் வழிமுறை வேண்டும். குட்டிகளைப் பெட்டியில் போட்டு மார்க்கெட்டில் விட்டுவந்தால் மீன் துண்டு கிடைத்துப் பிழைத்துக்கொள்ளும் என்பது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம். வீட்டுச் சோற்றில் வளர்ந்த பூனைக்கு இரை பிடிக்கத் தெரியாது. வேறு நல்ல வீடு தேடித் தருவதும், 1958 முதல் இயங்கி வரும் சிலாங்கூர் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் போன்ற அமைப்புகளிடம் ஆலோசனை கேட்பதும் பெற்றோரின் கடமை. அந்தப் பயணத்தில் பிள்ளையையும் அழைத்துச் செல்ல வேண்டும். பெற்றோர் இரவோடு இரவாகப் பூனையைக் காணாமல் போகச் செய்தால், பிள்ளை ஒன்றைக் கற்றுக்கொள்ளும்: தொல்லை கொடுத்தால், யாரையும் விட்டுவிட்டு வரலாம்!

அந்தப் பாடம் பூனையோடு நின்றுவிடுவதில்லை. பயன் தராமல் போன விலங்குக்கும் உணவளிக்கச் சொன்ன அறிஞர்கள் பலவீனரை நடத்தும் முறையைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். பால் வற்றிப் போன மாட்டையும் கொட்டகையில் வைத்துப் புல் போட்ட தோட்டத்துப் பாட்டிமார்களும் அதையே செய்து காட்டினார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, வயதான தாய் தந்தையை எங்கே விடுவது என்ற கேள்வி எழுவதில்லை. பிள்ளை அடுத்த முறை பூனைக்குட்டி கேட்கும்போது, வேண்டும் வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னர் அதன் கையில் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுங்கள். தினமும் அதற்கு என்ன செய்வாய் என்று எழுதச் சொல்லுங்கள். பதில் அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.